வாங்கனுயி ஆற்றில் துடுப்புப் பயணம்: ஓய்வுக்கும் தோழமைக்கும் இடம் வைத்துத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, அந்நாட்டின் சிறந்த நெடுநடைப் பாதைகளை 'பெருநடைகள்' என்ற பெயரில் பராமரித்து வருகிறது. அவற்றுள் ஒன்றில் மட்டும் நடக்க வேண்டியதே இல்லை. வட தீவில் உள்ள டவுமருநுயி என்ற ஊரிலிருந்து பிப்பிரிக்கி வரை, வாங்கனுயி ஆற்றின் வழியாக 145 கிலோமீட்டரைத் துடுப்புப் போட்டே கடக்கும் பயணம் அது. டொங்கரீரோ மலைச்சரிவில் பிறந்து, 290 கிலோமீட்டர் ஓடி, டாஸ்மன் கடலில் கலக்கும் இந்த ஆறு, நடுப்பகுதியில் இருபுறமும் செங்குத்தான களிப்பாறைச் சுவர்களுக்கும் பெரணி மரங்களுக்கும் இடையே செல்கிறது. அங்கே சாலையும் இல்லை, கைப்பேசிச் சமிக்ஞையும் இல்லை.

இந்த ஆற்றில் நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை, விடுப்பு குறைவு என்பதால் மூன்று நாள்களில் முடித்துவிட வேண்டும் என்று கிளம்பி, தோள் வலியோடும் உடன் வந்த நண்பருடன் பேச்சுவார்த்தை இல்லாமலும் கரையேறினேன். இரண்டாவது பயணத்தில் அதே நண்பர், அதே ஆறு. ஆனால் ஒரு நாள் கூடுதலாக இருந்தது, சாமான் குறைவாக இருந்தது, யார் எங்கே உட்கார்வது என்பதை முன்னரே பேசி வைத்திருந்தோம். ஆற்றில் இறங்கினாலே மனம் இளைப்பாறிவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவது ஏனென்றால், ஓய்வுக்கான நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள படிகள் அந்த ஒதுக்கீட்டைப் பற்றியவை.

முதற்படி: நாள்களைக் கூட்டுங்கள், தொலைவைக் குறையுங்கள்

டவுமருநுயியில் தொடங்கினால் வழக்கமாக ஐந்து நாள். வழியில் உள்ள வாகஹோரோவில் தொடங்கினால் 87 கிலோமீட்டர், மூன்று நாள். மூன்று நாள் பயணத்தில் வாகஹோரோவிலிருந்து ஜான் கூல் குடில் வரை முதல் நாளிலேயே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் போக வேண்டும். அடுத்த நாள் டியெக்கெ காயிங்கா குடில் வரை 29, கடைசி நாள் பிப்பிரிக்கி வரை 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். துடுப்பையே பிடித்துப் பழகாத கைக்கு முதல் நாள் தொலைவுதான் எமன். ஜான் கூலுக்கு முன்பே ஆற்றோரக் கூடாரத் திடல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முதல் இரவைக் கழித்து, மூன்று நாள் தொலைவை நான்கு நாளாக விரித்துக்கொள்வதே என் பரிந்துரை. மாலை மூன்று மணிக்குக் கரை சேர்கிறவருக்கும் ஆறரை மணிக்குச் சேர்கிறவருக்கும் ஆறு ஒன்றாகத் தெரிவதில்லை.

அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரையிலான பருவத்தில் குடில்களுக்கும் திடல்களுக்கும் முன்பதிவு கட்டாயம். டிசம்பர் இறுதியும் ஜனவரியும் அந்நாட்டுப் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் கூட்டம் இருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாகவும் பகல் நீண்டும் இருக்க வேண்டும், ஆனால் நெரிசல் வேண்டாம் என்போருக்குப் பிப்ரவரியின் பிற்பகுதியும் மார்ச்சும் பொருத்தமானவை. எந்த மாதமானாலும் மேற்பகுதியில் பெய்யும் மழையில் ஆறு ஓர் இரவிலேயே பல மீட்டர் உயரக்கூடும். அப்போது படகு வாடகைக்குக் கொடுப்போர் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். அவர்களிடம் வாதாடாமல், திரும்பும் விமானச்சீட்டுக்கு முன்னால் இரண்டு நாளைக் காலியாக விட்டு வைத்திருங்கள்.

இரண்டாம் படி: படகுத் துணையைத் தேர்ந்தெடுத்தல்

இந்த ஆற்றில் பெரும்பாலும் ஓடுவது இருவர் அமரும் திறந்த கேனூ. தனியாள் கயாக்கும் கிடைக்கும். ஆனால் தோழமை தேடிப் போகிறவர் கேனூவில் ஏறுவதுதான் முறை. துடுப்புப் போடுகிறவர்கள் இருவர் படகை 'விவாகரத்துப் படகு' என்று கேலியாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரைப் பார்க்க முடியாது. பின்னால் இருப்பவர், முன்னால் இருப்பவர் செய்யும் ஒவ்வொரு பிழையையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே வருவார். எந்த நட்புக்கும் இது கடினமான அமைப்பு.

ஆகவே படகில் ஏறுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். தாளத்தை முன்னிருப்பவர் வைப்பார், பின்னிருப்பவர் அதைப் பின்பற்றுவார். அவருக்கு வேகம் பிடிக்கவில்லை என்றாலும் அதே தாளம்தான். திசையைப் பின்னிருப்பவர் முடிவு செய்வார்; முன்னிருப்பவர் பாறையைக் கண்டால் கையைக் காட்டிச் சொல்வார், அதற்குமேல் விவாதம் இல்லை. மதிய உணவுக்குப் பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இந்த மூன்றாவது ஏற்பாடு எங்கள் முதல் பயணத்தில் இல்லை. மூன்று நாளும் பின்னால் அமர்ந்து கட்டளையிட்டுக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீச்சல் பற்றியும் ஒரு சொல். தாமிரபரணிக் கரையில் பிறந்தும் இருபத்தெட்டு வயது வரை நீந்தத் தெரியாமல் இருந்தவன் நான். நம்மவர் பலர் அப்படித்தான். உயிர்காப்பு அங்கியைப் படகில் இருக்கும் நேரம் முழுவதும் கழற்றவே கூடாது என்பதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அங்கி இருக்கிறது என்ற தைரியம் மட்டும் போதாது: புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஏதேனும் ஒரு நீச்சல் குளத்தில் அங்கியோடு மல்லாந்து மிதந்து, முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது பதறாமல் மூச்சுவிடப் பழகிக்கொள்ளுங்கள். பயந்துகொண்டே வருகிறவருக்கு நான்கு நாளும் தசை இறுகியே இருக்கும். அதில் என்ன ஓய்வு?

மூன்றாம் படி: டிரம்முக்குள் அடங்கும் வாழ்க்கை

டவுமருநுயி, ஒஹாகுனே, ராயெட்டிஹி ஆகிய ஊர்களில் உள்ள வாடகை நிறுவனங்கள் படகு, துடுப்பு, அங்கி ஆகியவற்றோடு, இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்களையும் கயிறுகளையும் தருகின்றன. உங்கள் உடை, உணவு, படுக்கை எல்லாம் அந்த டிரம்களுக்குள் போக வேண்டும். டிரம்களைப் படகின் நடுவே வைத்துக் குறுக்குச் சட்டங்களோடு சேர்த்துக் கட்ட வேண்டும்; படகு கவிழ்ந்தாலும் அவை பிரிந்து ஓடக் கூடாது. கனமானவை நடுவிலும் அடியிலும் இருக்கட்டும். முன்பக்கம், நம் கடற்கரைக்காரர்கள் அணியம் என்பார்களே அது, பளுவால் அமிழ்ந்துவிட்டால் படகு சொன்ன பேச்சைக் கேட்காது.

மூடியைப் பூட்டியதும் இன்னொருவர் அதை அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் அரிசி டிரம்மின் வளையம் சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. வாகஹோரோவைத் தாண்டிய சில மணி நேரத்தில் நீர் துள்ளி விரையும் துள்ளுநீர் ஒன்றில், பெயர்கூடத் தெரியாத சிறிய ஒன்றில், நாங்கள் கவிழ்ந்தபோது, மூன்று நாள் அரிசியும் ஆற்றுத் தண்ணீரில் ஊறிப்போனது. அன்று இரவு ஜான் கூல் குடிலில், யாரென்றே தெரியாத நால்வர் தங்கள் பாஸ்தாவில் பாதியை எங்கள் தட்டில் போட்டார்கள். எங்களிடம் மிஞ்சியது ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். அவர்களுள் ஒருவர் அதை ஒரு கரண்டி எடுத்துப் பாஸ்தாவில் பிசைந்து, வியர்த்து வழிய உண்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு பயணத்துக்கும் பகிர்ந்துகொள்ள என்றே ஏதேனும் ஒன்றைக் கூடுதலாகக் கட்டுகிறேன். பருப்புப்பொடிக்கும் முறுக்குக்கும் அதிக எடை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருவோர் விமான நிலையத்தில் எல்லா உணவுப் பொருளையும் அறிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பருத்தி உடைக்குப் பதில் சீக்கிரம் உலரும் உடை, கம்பளி மேலாடை, மழைச்சட்டை, தொப்பி, கொசுவுக்கும் வெயிலுக்கும் களிம்பு, தலைவிளக்கு, மற்றவர் குறட்டைக்குக் காதடைப்பான். கைப்பேசி வேலை செய்யாத இடம் என்பதால், செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் அவசரக் குறிகாட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருங்கள். குடில்களில் மழைநீர்த் தொட்டி உண்டு. காய்ச்சிக் குடிப்பது நல்லது. குப்பை அனைத்தும் உங்களோடே திரும்ப வேண்டும்.

நான்காம் படி: முதல் ஒரு மணி நேரம்

முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் வேகம் காட்ட வேண்டாம். கையால் இழுக்காமல், இடுப்பைத் திருப்பி முதுகால் இழுக்க வேண்டும். மேல் கை துடுப்பின் உச்சிக் குமிழைப் பிடித்து முன்னோக்கித் தள்ள, கீழ்க் கை வெறும் அச்சாக நிற்க வேண்டும். துடுப்பு முழங்காலுக்குச் சற்று முன்னே நீரில் இறங்கி, இடுப்பருகே வெளியே வந்துவிட வேண்டும்; அதற்குப் பின்னால் இழுப்பது வீண் உழைப்பு. பின்னிருப்பவர் தம் இழுப்பின் முடிவில் துடுப்பின் அலகை மெல்ல வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளினால், படகின் மூக்கு விலகாமல் நேரே நிற்கும். இந்த ஒரு திருப்பம் கைவந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பிறகு ஒரு நேரம் வரும். இருவரின் துடுப்பும் ஒரே நொடியில் நீரில் இறங்கி, ஒரே நொடியில் வெளியேறும். அலகிலிருந்து சொட்டும் துளிகளின் ஓசை தனித்துக் கேட்கும். பேச்சு தானே நின்றுவிடும். அதைத் தேடிப் பிடிக்க முடியாது, முதல் நாள் பிற்பகலில் பெரும்பாலும் அதுவாகவே அமைகிறது.

ஐந்தாம் படி: துள்ளுநீரைப் படித்தல்

ராப்பிட் என்று துடுப்புக்காரர்கள் சொல்லும் துள்ளுநீர்ப் பகுதிகள் இந்த ஆற்றில் 200க்கும் மேல் உள்ளன. பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை சிறியவை, ஆறு தாழ்வாக இருக்கும்போது புதியவர்களும் கடக்கக் கூடியவை. தண்ணீரின் மேல் தெரியும் வடிவத்தைப் பாருங்கள். பளபளப்பான நாக்கு போன்ற நீர், தன் கூர்முனையை ஆறு போகும் திசையில் நீட்டினால் அதுவே வழி. கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் அதன் நுனியில் பாறையோ மரக்கட்டையோ இருக்கிறது. நாக்கின் நடுவில் படகைச் செலுத்தி, அலை வந்ததும் துடுப்பை நிறுத்தாமல் இழுங்கள். பயத்தில் இருவரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்வதுதான் கவிழ்வதற்கு நேர்வழி.

கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதங்கள். நீர் ஓடும் திசையில் படகுக்கு முன்னால் இருந்துவிடாதீர்கள்; நீர் நிறைந்த படகு உங்களைப் பாறையோடு அழுத்தினால் தப்புவது கடினம். வேகமாக ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கற்களிடையே சிக்கும். அமைதியான நீர் வந்த பிறகு படகைக் கரைக்கு இழுத்தால் போதும். உங்களுக்கு முன்னால் போன படகு அங்கே காத்திருப்பதும், மிதந்து போன துடுப்பையும் தொப்பியையும் எடுத்துத் தருவதும் அந்த ஆற்றின் எழுதாத வழக்கம். நீங்கள் முதலில் போனால் நீங்களும் காத்திருங்கள்.

ஆறாம் படி: துடுப்பைக் கீழே வைத்தல்

வழிகாட்டிகள் பெரும்பாலும் எப்படித் துடுப்புப் போடுவது என்பதைச் சொல்கின்றன. எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்வதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்து நிறுத்துங்கள். மடுவான இடங்களில் நீரோட்டம் மெதுவாக இருந்தாலும் படகை எடுத்துச் செல்லும். இரண்டு மூன்று படகுகள் சேர்ந்து வந்தால் பக்கவாட்டில் நெருங்கி, ஒருவர் படகின் விளிம்பை மற்றவர் பிடித்துக்கொண்டு ஒரே தெப்பமாக மிதக்கலாம். காலைத் தூக்கிப் பக்கத்துப் படகின் மேல் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டு, படகு தானாகச் சுற்றிச் சுற்றிப் போகும்போது ஒரு முறை பாறைச் சுவரும், ஒரு முறை வந்த வழியும், ஒரு முறை எதிரே வரும் வளைவும் கண் முன் வரும். முன்னும் பின்னும் அமர்ந்து முகமே பாராமல் வந்தவர்கள் முகம் பார்த்துப் பேசும் நேரம் இதுதான். அடுத்த துள்ளுநீரின் இரைச்சல் கேட்டதும் பிரிந்துவிட வேண்டும். ஜெட் படகின் ஒலி கேட்டால் ஓரம் ஒதுங்கி, அணியத்தை அதன் அலைக்கு நேராகத் திருப்ப வேண்டும்.

அந்த மிதப்பில் சுவர்களை உற்றுப் பாருங்கள். களிப்பாறையில் ஆங்காங்கே வட்டத் துளைகள் தெரியும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் கழி ஊன்றித் தள்ளியதால் தேய்ந்தவை அவை. பிற்காலத்தில் 1892இல் ஹாட்ரிக் என்பவர் பிப்பிரிக்கி வரை நீராவிப் படகுச் சேவையைத் தொடங்கினார். இன்னொரு சுவடு மங்கபுருவா இறங்குதுறையில் உள்ளது: அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் நடந்தால், காட்டின் நடுவே 1936இல் கட்டிய கான்கிரீட் பாலம் ஒன்று சாலையே இல்லாமல் நிற்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம் அது; மண் சரிவோடும் வெள்ளத்தோடும் போராடிய குடும்பங்கள் 1940களின் தொடக்கத்தில் முற்றாக வெளியேறின. படகில் மரத்துப்போன காலுக்கு அந்த நடை இதமானது.

ஏழாம் படி: குடிலின் மாலை

கரை சேர்ந்ததும் முதல் வேலை படகு. எவ்வளவு களைப்பானாலும் அதைத் தண்ணீர் மட்டத்துக்கு வெகு உயரே இழுத்து, மரத்திலோ கம்பத்திலோ கட்டுங்கள். இரவில் ஆறு ஏறினால் காலையில் படகு இருக்காது. படிகள் செங்குத்தாகவும் சேறாகவும் இருக்கும், டிரம்கள் கனக்கும். இங்கே ஓர் எளிய உத்தி: உங்கள் டிரம்மைத் தூக்குவதற்கு முன் பின்னால் வந்த படகின் டிரம்மில் ஒரு கை கொடுங்கள். எல்லாரும் ஒரே ஆற்றில், ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால், இன்று பார்த்தவரையே நாளையும் மறுநாளும் பார்ப்பீர்கள். முதல் மாலையில் கொடுத்த ஒரு கை பயணம் முழுவதற்கும் அறிமுகமாகிவிடும்.

அடுப்படியில் இடம் குறைவு என்பதால் சமைத்ததும் விலகிக்கொள்வதும், ஒன்பது மணிக்குமேல் குரலைத் தாழ்த்துவதும், விளக்கொளியைப் பிறர் கண்ணில் அடிக்காமல் இருப்பதும் குடில் நாகரிகம். விடுதிபோல் யாரும் கவனித்துக்கொள்ள வரமாட்டார்கள். பெருக்குவதும் நீங்கள்தான்.

எட்டாம் படி: டியெக்கெயில் விருந்தினராதல்

டியெக்கெ காயிங்கா வெறும் குடில் அன்று. பழைய மாவோரி ஊர் இருந்த இடம் அது. 1993இல் அவ்வூர் வழியினர் திரும்பி வந்து தங்கள் இருப்பை மீண்டும் நிலைநாட்டினர். இன்று அது பயணிகள் தங்கும் இடமாகவும், மாவோரி மக்களின் கூடுகைத் திடலான மராயெ ஆகவும் ஒருசேர விளங்குகிறது. மது கூடாது. உறங்கும் கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும். உணவு வைக்கும் மேசையின் மேல் உட்காரக் கூடாது. நம் வீட்டுப் பழக்கம் உள்ளவருக்கு இவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவ்வூரார் அங்கே இருந்தால் போஃபிரி என்னும் வரவேற்புச் சடங்கு நடக்கலாம். டிரம்மோடு திடலுக்குள் நுழைந்துவிடாமல் வெளியே குழுவாகக் காத்திருங்கள். ஒரு பெண்ணின் அழைப்புக் குரல் எழும். அதன்பின் எல்லாரும் சேர்ந்து, மெதுவாக, பேசாமல் நடக்க வேண்டும். உரைகள் முடிந்ததும் விருந்தினர் தரப்பிலிருந்தும் ஒருவர் பேசி, ஒரு பாட்டுப் பாடுவது மரபு. ஆகவே முழுதாகத் தெரிந்த ஒரு தமிழ்ப் பாட்டு உங்களிடம் இருக்கட்டும். இரண்டாம் வரியில் மறந்து நின்றால் அழகாக இராது. பின்னர் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் வைத்து மூச்சைப் பகிரும் ஹொங்கி, அதன் பின் உணவு. கொஹா என்னும் காணிக்கைக்குச் சிறிது பணம் உலர்ந்த பையில் தனியே இருக்க வேண்டும்.

மாவோரிகள் தம்மை அறிமுகம் செய்யும்போது பெயருக்கு முன் தங்கள் மலையையும் ஆற்றையும் சொல்வார்கள். அவர்கள் மொழியில் மலை மவுங்கா, ஆறு அவா. தமிழ்க் காதுக்கு அது ஆசை என்று கேட்பது தற்செயல்தான். நான் அங்கே என் மலை பொதிகை, என் ஆறு தாமிரபரணி என்று சொன்னபோது, முதியவர் ஒருவர் அந்த ஆறு நலமாக இருக்கிறதா என்று கேட்டார், உறவினரை விசாரிப்பதுபோல. மணல் அள்ளியதைப் பற்றி அவரிடம் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது உபசாரத்துக்காக அன்று. 'நானே ஆறு, ஆறே நான்' என்பது வாங்கனுயி மக்களின் முதுமொழி. 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மலை முதல் கடல் வரையிலான இந்த ஆற்றை உயிருள்ள ஒரே முழுமையாகவும், சட்டத்தின் முன் ஓர் ஆளாகவும் ஏற்றுக்கொண்டது. அதன் சார்பில் பேச இருவர் அமர்த்தப்படுகின்றனர்.

கடைசிப் படி: பிப்பிரிக்கி வரை

டியெக்கெக்குக் கீழே இருபத்தொரு கிலோமீட்டர்தான் என்றாலும், பெரிய துள்ளுநீர்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுள் அவுடாபு என்பதற்குத் துடுப்புக்காரர்கள் வைத்த பெயர் 'ஐம்பதுக்கு ஐம்பது'; நிமிர்ந்து போவதும் கவிழ்ந்து போவதும் சரிபாதி என்று பொருள். அதற்கு முன் கரையில் நிறுத்தி, முன்னால் போகும் படகு எந்த வழியைப் பிடிக்கிறது என்று பாருங்கள். கயிறுகளை மறுபடி இறுக்குங்கள். இரண்டாம் பயணத்தில் நண்பர் பின்னால் இருந்தார், நான் முன்னால். அவர் இடது என்றார், எனக்கு வலதே சரி என்று பட்டது, இடதே இழுத்தேன். படகில் கால்வாசி தண்ணீர் ஏறியது, கவிழவில்லை.

பிப்பிரிக்கியில் வண்டி ஏற்றிச் செல்லக் காத்திருக்கும். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே சேர்ந்துவிடுங்கள். அங்கேயும் வேலை இருக்கிறது. டிரம்களைக் காலி செய்து, படகில் படிந்த சேற்றைக் கழுவி, எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு படகாக வண்டியின் மேல் ஏற்ற வேண்டும். ஒரு படகுக்கு நான்கு பேர் தேவை, ஒரு குழுவில் இருப்பதோ இருவர். எனவே உங்கள் படகு ஏறியதும் போய் உட்கார்ந்துவிடாமல், ஆற்றில் இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.